சல்லடையில் தங்கிய சத்தம்

திரையில் எரிமலையின் கோடு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடிக்கொண்டிருந்தது. காசிராஜன் டீ டம்ளரோடு வந்து, பரஞ்சோதியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், மாமியார் சத்தத்தையே காணோம்?"

அந்த எரிமலைக்கு வரைபடத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்கார மாலுமியின் பெயர் இருந்தது. காசிராஜன் வந்த முதல் வாரமே அதை மாற்றிவிட்டான். எந்நேரமும் உள்ளுக்குள் குமையும், என்றைக்கு வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனாலும் தள்ளி உட்கார்ந்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மாமியார் என்பதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா என்று கேட்டான். தென் துருவத்தின் ஓரத்தில், மனித வாடையே இல்லாத பனித்தீவில், தகரக் கொட்டகைகளாகக் குந்தியிருந்த அந்த ஆய்வு நிலையத்தில் வங்காளியும் பஞ்சாபியும்கூட அதை 'மாமியார்' என்றே கூப்பிட்டார்கள். பரஞ்சோதிக்கு மட்டும்தான் சங்கடம். காசிராஜனின் நிஜ மாமியார் பரஞ்சோதியின் அம்மா.

"ஊருக்குப் போனதும் அம்மாகிட்ட சொல்லத்தான் போறேன், மாப்ள."

"தாராளமா சொல்லுங்க. இந்த மாமியார் எப்பவாவதுதான் புகையுதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

பரஞ்சோதி நில அதிர்வு விஞ்ஞானி. காசிராஜன் நிலையத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினீயர். பரஞ்சோதியின் ஒரே தங்கை மங்கையற்கரசியைக் கட்டியவன். மதுரையில் ஒரு கம்பெனியில் நிம்மதியாக இருந்தவனை, ஒரே ஒரு கோடைக்காலம் வந்து பாருங்கள், துருவத்தை யார் பார்க்கிறார்கள் என்று இழுத்து வந்தது பரஞ்சோதிதான்.

"என் பம்பையும் காணோமே" என்றான் காசிராஜன், திரையை உற்றுப் பார்த்து. "போன வாரம்வரைக்கும் டொக்கு டொக்குன்னு உங்க கோட்டுல குதிச்சுக்கிட்டு இருந்துச்சு. என்னைத் திட்டிக்கிட்டே இருந்தீங்க."

"பம்பு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. சல்லடை எடுத்துப்போட்டுருது. இனி உங்க பம்பு என் காதுல விழாது."

சல்லடை பரஞ்சோதியின் பிள்ளை. மலையைச் சுற்றிப் புதைத்திருந்த ஒவ்வொரு அதிர்வுமானிக்குள்ளும் அவன் உட்கார வைத்திருந்த செயற்கை மூளை. முன்பெல்லாம் காற்று, ஜெனரேட்டர், பம்பு எல்லாம் கலந்து வரும். அதற்குள் மலையின் முனகலைத் தேடிப் பிடிப்பதற்குள் கண் பூத்துவிடும். இப்போது கருவியே சலித்து, மலை பேசியதை மட்டும் அனுப்பியது. கழித்த சத்தம் கருவிக்குள் இருந்த ஒரு சின்ன நினைவக அட்டையில் கிடக்கும். மலைமேல் ஏறிப் போய் எடுத்தால்தான் அதைப் பார்க்க முடியும். யாரும் எடுப்பதில்லை. குப்பையை யார் கிளறுவார்கள்?

சல்லடை எப்படிச் சலிக்கிறது என்று காசிராஜன் கேட்கவில்லை. அவன் அவசரம் அவனுக்கு. ஆறாம் எண் கருவியின் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. மலையின் தோளில், நீராவி குடைந்த ஒரு பனிக்குகைக்குள் இருந்த கருவி அது.

வழக்கமாக இரண்டு பேர் போக வேண்டும். பரஞ்சோதி கூடப் போவதாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு டெல்லிக் கமிட்டி சல்லடையைக் காணொளியில் பார்க்கப் போகிறது.

"நீங்க கோட்டு போட்டுக்கிட்டு உட்காருங்க. பேட்டரி மாத்த எதுக்கு டாக்டரேட்டு? சாப்பாட்டுக்கு வந்துருவேன்."

வாசலில் நிலையத் தலைவர் சுகுமாரன் நாயர் மறித்தார். பாலக்காட்டுக்காரர். அவரிடம் பாடம் ஒப்பிக்காமல் யாரும் கதவைத் தாண்ட முடியாது.

"உள்ளே சிக்கினா?"

"கத்தக்கூடாது சார். மூச்சு வீணாகும். தட்டணும்."

"எப்படித் தட்டணும்?"

"ஒரே சீரா. பனி கண்டபடி விரிசல் விடும், மனுஷன்தான் கணக்கா தட்டுவான்." காசிராஜன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "போகலாமா டீச்சர்?"

நாயர் அவன் முதுகில் ஒன்று வைத்து அனுப்பினார்.

கமிட்டி கூட்டம் பரஞ்சோதி நினைத்ததைவிட நன்றாகவே போனது. சல்லடையின் கூர்மையைக் காட்ட ஆறாம் எண் கருவியின் கோட்டைத் திரையில் போட்டான். காசிராஜன் குகைக்குள் நடப்பது, பெட்டியை இறக்குவது, ஸ்பேனரைக் கீழே போடுவது எல்லாம் குட்டிக் குட்டி மேடுகளாகத் தெரிந்தன.

"இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிற கருவி, இயந்திரத்தை எப்படிப் பிரித்தறிகிறது?" என்று கேட்டார் கமிட்டியின் தலைவி.

"இயற்கைக்குத் தாளம் தெரியாது மேடம். மனுஷன் நடக்கறதுகூட முன்னபின்னதான் இருக்கும். ஒரே இடைவெளியில, ஒரே பலத்துல திரும்பத் திரும்ப வந்தா அது மெஷின்தான். சல்லடை அதைத் தூக்கிப் போட்டுரும்."

நல்ல பதில். அவனுக்கே பிடித்திருந்தது. தலைவியும் தலையசைத்தார். நிலநடுக்க அபாயமுள்ள மலை மாவட்டங்கள் முழுவதும் இதைப் பதிக்கும் திட்டம் தயாராக இருப்பதாகச் சொன்னார். இடிபாடுகளுக்குள் உயிர் இருக்கிறதா என்று கேட்கவும் இது உதவும் அல்லவா?

"நிச்சயமா" என்றான் பரஞ்சோதி.

அந்த நேரம் பார்த்து எல்லாக் கோடுகளும் ஒருமுறை துள்ளி அடங்கின. சின்ன அதிர்வு. மேசையில் இருந்த தண்ணீர்கூடச் சிந்தவில்லை. ஆனால் சல்லடை அதன் இடத்தையும் ஆழத்தையும் கண்மூடித் திறப்பதற்குள் எழுதிக் காட்டியது. கமிட்டியில் யாரோ கை தட்டினார்கள். பரஞ்சோதி சிரித்துக்கொண்டே, மலைக்கும் இந்தத் திட்டம் பிடித்திருக்கிறது என்றான்.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. காசிராஜன் வரவில்லை. வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் வந்தது. பனிப்புயல் தொடங்கியிருந்தது. அஸ்தமிக்கவே அஸ்தமிக்காத துருவத்துச் சூரியனைக் காணோம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவுமில்லை. வானம் நன்றாக இருந்தால் சங்கிலிச் சக்கர வண்டியில் ஒரு மணி நேரப் பாதை. இந்தக் காற்றில் எவ்வளவு ஆகும், வண்டி போய்ச் சேருமா என்பதே தெரியாது.

நாயர் பரஞ்சோதியின் மேசைக்கு வந்தார். முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"குகை வாய் இடிஞ்சிருக்கும்னு நினைக்கறேன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அங்கே உயிர் இருக்கா? இருக்குன்னா இந்தக் காத்துலயும் நானே வண்டியை எடுக்கறேன். இல்லைன்னா இன்னும் நாலு பேரைக் கொண்டுபோய்ப் புதைக்க மாட்டேன். பென்குயின் நடந்தாலும் கேட்கும்னு சொல்வியே. கேட்டுச் சொல்லு."

பரஞ்சோதி ஆறாம் எண்ணின் கோட்டைப் பெரிதாக்கினான். கருவி நன்றாக வேலை செய்தது. மாப்பிள்ளை புது பேட்டரியை மாட்டி முடித்திருந்தான். அதிர்வுக்கு முன்னால் அவன் காலடிகள் இருந்தன. அதிர்வுக்குப் பின்னால் கொஞ்சம் புழுதி போலக் கலங்கல், பனி சரிந்தது. அதற்குப் பிறகு கோடு. நேரான, சுத்தமான கோடு.

அவன் வெகுநேரம் பார்த்தான். பெரிதாக்கினான், சிறிதாக்கினான், மறுபடி பெரிதாக்கினான். ஓர் அடி எடுத்து வைத்தால், புரண்டு படுத்தால், சுவரில் சாய்ந்தால் தெரிந்துவிடும்.

"ஒண்ணும் இல்லை சார்" என்றான். தன் குரலே தூரத்தில் கேட்டது. "நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு..."

"இல்லைன்னு நீதானே சொன்னே." நாயர் அவன் தோளைப் பிடித்து மறுபடி நாற்காலியில் அமர்த்தினார். "உன் தங்கச்சிக்கு அண்ணனாவது மிச்சம் இருக்கட்டும்."

புயல் ஓய்ந்ததும் போனார்கள். குகை வாயை அடைத்திருந்த பனியை வெட்டி எடுத்தபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. காசிராஜன் கருவிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். காயம் இல்லை. வழி அடைபட்டதும் மலை மூச்சுவிட்ட வாயு உள்ளே தேங்கிவிட்டது என்றார்கள். தூக்கம் வருவதுபோல் வந்திருக்கும், வேதனை இருந்திருக்காது, எல்லாம் சீக்கிரமே முடிந்திருக்கும் என்றார்கள். தங்கை அரசியிடமும் நாயர் போனில் அப்படித்தான் சொன்னார். பரஞ்சோதியால் அன்றைக்குப் பேச முடியவில்லை.

கருவி பதித்திருந்த பாறையின் விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. புதுப் பள்ளம். அடியில் கொஞ்சம் கல்தூள். மற்றவர்கள் உடலைத் தூக்குவதில் இருந்தார்கள். பரஞ்சோதி பள்ளத்தை விரலால் தடவினான். பிறகு கருவியைத் திறந்து, அட்டையை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

நிலையத்தில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்டான். அதிர்வை ஒலியாக மாற்றி ஸ்பீக்கரில் விட்டால், அடுத்த தெருவில் யாரோ உரல் இடிப்பது போலிருந்தது.

டொக். டொக். டொக்.

ஒரே இடைவெளி. ஒரே பலம். கடிகாரம் தோற்றுப்போகும். ஸ்பேனரால் தட்டியிருக்கிறான். சுவரில் தட்டவில்லை, கருவி உட்கார்ந்திருந்த பாறையிலேயே தட்டியிருக்கிறான். இந்தக் கோட்டை மச்சான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே மச்சானின் காதிலேயே தட்டினான்.

சல்லடை அதைப் பம்பு என்று தூக்கிப் போட்டது.

பரஞ்சோதி நிறுத்தாமல் கேட்டான். நாயர் மேசைக்கு வந்து நின்ற நேரம் வந்தது. உயிர் இருக்கா என்று அவர் கேட்ட நேரத்திலும் தட்டல் இருந்தது. ஒண்ணும் இல்லை சார் என்று இவன் சொன்ன நேரத்திலும் இருந்தது. அதற்குப் பிறகும் வெகுநேரம் இருந்தது. அந்தக் காற்றிலேயே தட்டுத் தடுமாறி ஒரு வண்டி போய்ச் சேர்ந்திருக்கலாம் என்கிற அளவுக்கு வெகுநேரம்.

பிறகு கை சோர்ந்திருக்கிறது. இடைவெளி கூடிக் குறைந்தது. ஒன்று பலமாக, ஒன்று உரசலாக. திடீரென்று அட்டையில் சத்தம் இல்லை. பரஞ்சோதி முதலில் முடிந்துவிட்டது என்று நினைத்தான். அப்புறம்தான் உறைத்தது. தாளம் கெட்டுப்போனதால் சல்லடை அதை மெஷின் என்று கழிக்கவில்லை. சலித்து, மலையின் பேச்சோடு சேர்த்துக் கீழே அனுப்பியிருக்கிறது.

கணினியில் அந்த நேரத்துக் கோட்டை எடுத்தான். இருந்தன. சின்னச் சின்ன முட்கள், கண்டபடி சிதறி. ஒவ்வொன்றின் தலையிலும் வழக்கம்போல் குறிப்பு எழுதியிருந்தது. அவனே உட்கார்ந்து, அந்தப் புயலில், மனம் வேறு எதிலும் நிற்காமல் வேலையிலாவது நிற்கட்டும் என்று, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தது.

பனி விரிசல். பனி விரிசல். பனி விரிசல்.

நாயர் முழுவதையும் கேட்கவில்லை. கொஞ்சம் கேட்டதுமே கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் முகத்தைத் தேய்த்தார்.

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சீரா தட்டுன்னு."

"நான்தான் சீரா வந்தா கழிக்கச் சொன்னேன். நாம ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒரு தடவைகூடப் பேசிக்கலை, சார். ஒரே மேசையில தினமும் சாப்பிட்டோம்."

"சரி. அந்த விதியை எடுத்துரு. சத்தமில்லாம எடுத்துரு. தங்கச்சிக்கு எதுக்கு இது? அவர் உடனே போயிட்டார்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"எடுக்க முடியாது சார். நேத்து கேட்டுப் பார்த்தேன். கமிட்டிக்கு அந்த விதிதான் பிடிச்சிருக்கு. ரோட்டு வண்டி, மில்லு, ரயில் எல்லாத்தையும் கழிச்சிருமாம். பதிக்க ஆரம்பிச்சாச்சு. எடுக்கணும்னா காரணம் சொல்லுங்கறாங்க, ஆதாரம் குடுங்கறாங்க."

"ஆதாரம் குடுத்தா?"

"விசாரணை வரும். எல்லா டிவியிலயும் இந்தச் சத்தம் ஓடும்."

"குடுக்கலைன்னா?"

பரஞ்சோதி மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தான். எங்கோ ஒரு மலை ஊரில் வீடு இடிந்து விழும். உள்ளே ஒருத்தி கையில் கிடைத்த கரண்டியால் குழாயில் தட்டுவாள். கணக்காக, ஒரே சீராக, யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பி. வெளியே திரையில் நேரான, சுத்தமான கோடு ஓடும்.

"முதல்ல அரசிகிட்ட சொல்லணும்" என்றான். "டிவில பார்த்து அவ தெரிஞ்சுக்கக்கூடாது."

நாயர் எழுந்து அவனுக்காகக் கதவைத் திறந்துவிட்டார்.

செயற்கைக்கோள் போனில் பேச்சு கொஞ்சம் தாமதித்துத்தான் போய்ச் சேரும். மதுரையில் மாலை. பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம், தெருவில் ஹாரன்.

"அண்ணே" என்றாள் அரசி. அழுது ஓய்ந்த குரல். "சாப்பிட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத."

"தாரகை எங்க?"

"உள்ள படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கா. அவளுக்கு இன்னும் முழுசாப் புரியலை. கப்பல்ல அப்பா வர்றாங்கன்னு யாரோ சொல்லிவெச்சிருக்காங்க. கப்பல்ல வர்றது என்னன்னு அவளுக்கு நான் எப்படிச் சொல்றது?"

அவன் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்ணே. வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க, பாவம் எவ்வளவு நேரம் கிடந்து துடிச்சாரோன்னு. நான் சொல்லிட்டேன், அப்படியெல்லாம் இல்லை, எங்க அண்ணன் மெஷினுக்கு எறும்பு ஊர்றதுகூடக் கேக்கும், அவர் ஒரு நிமிஷம் உயிரோட இருந்திருந்தாலும் எங்க அண்ணன் கேட்டிருப்பான், மலையைப் பேத்துக்கிட்டுப் போயிருப்பான்னு. அது ஒண்ணை நினைச்சுத்தான்ணே நான் கண்ணை மூடறேன்."

ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தூங்குவாள்.

"அரசி, உட்காரு."

"என்ன?"

"உட்காரும்மா. அவர் தட்டினார்."

தாமதம். செயற்கைக்கோளின் தாமதமா அவளுடையதா என்று தெரியவில்லை. அவன் சொன்னான். பம்பு, சல்லடை, நாயர் கேட்டது, தான் சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னான். பனி விரிசல் என்று தட்டச்சு செய்ததையும் விடவில்லை.

அரசி ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவள். பதறி வரும் குரல்களைக் கேட்டு, விவரம் வாங்கி, வண்டி அனுப்புபவள். அவன் முடித்ததும் அவளிடமிருந்து வந்தது அந்த அறையின் குரல். ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

"எவ்வளவு நேரம் தட்டினார்?"

சொன்னான்.

"நடுவுல நிறுத்தினாரா?"

"ஆரம்பத்துல ரெண்டு தடவை கொஞ்சம். கையை மாத்திக்கிட்டிருப்பார்னு நினைக்கறேன்."

"அவருக்கு இடது கைதான் பலம்" என்றாள். "வண்டி போயிருந்தா சேர்ந்திருக்குமா?"

"சேர்ந்திருக்கலாம்."

"லாமா, இருக்குமா?"

"இருக்கும்."

தெருவில் ஏதோ ஒரு வண்டி கிளம்பிப் போனது.

"இப்போ எதுக்கு எனக்குச் சொல்ற? மனசாட்சி குத்துதுன்னா?"

"இல்லை. இதை வெளியில சொன்னாத்தான் அந்த விதியை எடுப்பாங்க. ஊரூரா பதிக்கறாங்க, அரசி. நீ வேண்டாம்னு சொன்னா..."

"வேண்டாம்னு நான் சொல்லணுமா? அந்தப் பாவமும் எனக்கா?" அந்த அறையின் குரல் முதல்முறையாக உடைந்தது. சட்டென்று அதை மறுபடி ஒட்டவைத்துக்கொண்டாள். "குடு. மனைவிக்குச் சம்மதம்னு எழுது. முழுப் பேரைப் போட்டு எழுது. அப்புறம் அம்மாவுக்கு இதை நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். காரியத்துக்கு வா, வந்தவங்களோட உட்காரு. எங்கிட்ட வந்து உட்காராத. நானா கூப்பிடறவரைக்கும் கூப்பிடாத."

"சரிம்மா."

"அந்தச் சத்தம் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு."

"நீ கேட்டியா? முழுசா?"

"கேட்டேன்."

"போடு."

"அரசி, வேண்டாம்மா. அது ரொம்ப நேரம்."

"கமிட்டி கேக்கும், ஊரு கேக்கும், டிவில விளம்பரத்துக்கு நடுவுல போடுவாங்க. அவர் யாருக்காகத் தட்டினார்? நான் முதல்ல கேக்கறேன். போடுண்ணே."

அவன் போனை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தான். முதல் முறை சரியாக நிற்கவில்லை. ஒரு புத்தகத்தை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, ஒலியை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டான்.

டொக். டொக். டொக்.

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் விம்மவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவன் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மதுரையில் வெளிச்சம் மங்கியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ வாசலில் வந்து கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை, போனை வைக்கவும் இல்லை. ஸ்பீக்கரில் தட்டல் இன்னும் சீராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஓடிவரும் சின்னக் காலடிகள் கேட்டன. வந்து நின்றன.

"யாரும்மா போன்ல? பேசவே மாட்டேங்கறாங்க?"

"அப்பா" என்றாள் அரசி.